கழுவாத இலைகள்

விளையாட்டாகத்தான் கேட்டேன். மதியம் ஆய்வுக்கூடத்தில் என் மூத்தவளான பெய்ச்சி அக்காவுக்கு முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. காலையில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தேர்வாளரைப் போலக் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, "ஒரு எழுத்துகூடப் பிசகாம இந்தத் துண்டு கோதுமையில இருக்கா?" என்றேன். இருக்கும்டா என்று சொல்லிக்கொண்டே கணினியில் தேடவிட்டாள். இல்லை என்று வந்தது.

சீனாவில், ஜெங்ஜோ நகரத்தில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் எல்லோருடைய சோறும் அந்தத் துண்டில்தான் வெந்துகொண்டிருந்தது. மைக்ரோ ஆர்.என்.ஏ. இருபது சொச்சம் மரபெழுத்துதான் நீளம். ஆனால் போய் ஒட்டிக்கொண்டால் ஒரு மரபணுவின் வாயையே அடைத்துவிடும். தண்ணீர் காட்டாத கோதுமையில் அது எக்கச்சக்கமாக இருப்பதையும், எந்த மரபணுவை அது அடைக்கும் என்பதையும் அக்கா கணினியிலேயே கண்டுபிடித்தாள். அதைக் கோதுமைக்குள் செலுத்தி, செடி வறட்சியைத் தாங்குகிறதா என்று வளர்த்துப் பார்ப்பது என் வேலை. இரண்டு வருடமாக வளர்க்கிறேன். மற்ற செடிகள் காயும்போது என் செடிகளும் சொல்லிவைத்தாற்போலக் காய்ந்தன. உன் கைராசி சரியில்லை என்றார் எங்கள் பேராசிரியர் சியாங் சார். நானும் நம்பினேன்.

தேடும்போது இரண்டு எழுத்து பிசகினாலும் பரவாயில்லை என்று கணினிக்குச் சொல்லிவைப்பது எங்கள் பிழைப்பில் வழக்கம். அக்காவும் முதலில் அப்படித்தான் தேடியிருந்தாள். ரகத்துக்கு ரகம் எழுத்து கொஞ்சம் மாறும் அல்லவா? ஆனால் கோதுமையின் மரபுத்தொகுதி கடல். இரண்டு எழுத்தை மன்னித்தால் எந்த வழிப்போக்கனும் அங்கே சொந்தக்காரனாகிவிடுவான். அக்கா இப்போது எழுத்து வரிசை தெரிந்த எல்லா உயிரினங்களிலும் தேடவிட்டாள். ஒரு எழுத்தும் பிசகாமல் பொருந்தியது அசுவினிப் பூச்சியில்.

வாடிய செடிகளில் அசுவினி அப்பிக்கிடந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்திருந்தோம். தண்ணீர் பட்டால் வறட்சிச் சோதனை கெட்டுவிடும் என்று, எழுத்து வரிசையைப் படிப்பதற்கான இலைகளைக் கழுவாமலேயே அரைத்தார்கள். பூச்சியும் சேர்ந்து அரைபட்டுவிட்டது. கேள்வியைக் கேட்டதும் நானே. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான். அவளை ஓங்கி அறையவேண்டும்போல இருந்தது. அதே நேரம், என் கையில் குறையில்லை என்று ஒரு அற்ப சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அதற்காக வெட்கமாகவும் இருந்தது.

சியாங் சாரை நாங்கள் முதுகுக்குப் பின்னால் முதலாளி என்போம். முதலாளி தேர்வுக் கூடத்தில் பழத்தட்டுகளைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தார். தேர்வாளர்களுக்காக இளைய மாணவர்கள் தர்பூசணி நறுக்கி, செர்ரி கழுவி அடுக்கியிருந்தார்கள். அக்கா சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு ஒரு செர்ரியை வாயில் போட்டுக்கொண்டார். கோபப்படவில்லை.

"கணிப்புன்னுதானம்மா எழுதியிருக்கோம். கணிப்பு தப்பலாம். இன்னிக்கு இதை முடி, அப்புறம் பாத்துக்கலாம்." கொட்டையைத் துப்பிவிட்டு என்னைக் காட்டினார். "இவன் நெலமைய நெனச்சுப் பாரு. நீ வாயத் தொறந்தா இவனுக்கு என்ன மிஞ்சும்?"

அக்கா என்னோடு தாழ்வாரத்துக்கு வந்தாள். ஷிஆன் பக்கம் ஒரு விதை நிறுவனத்தில் அவளுக்கு வேலை காத்திருந்தது. பட்டம் தள்ளிப்போனால் அது வேறு யாருக்காவது போய்விடும். அதைப் பற்றி அவள் பேச்செடுக்கவே இல்லை.

"நான் விழுந்தா விழறேன்டா. உன்னையும் சேத்து இழுத்துட்டு விழ எனக்கு என்ன உரிமை இருக்கு? நீ சொல்லு."

உன் இஷ்டம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அசுவினி விஷயத்தை அவள் சொல்லிவிட்டால் நான் மறுபடி முதல் விதையிலிருந்து தொடங்க வேண்டும். தேர்வாளர்களின் கார் வந்துவிட்டது என்று யாரோ ஓடிவந்து அவளை அழைத்துப்போனார்கள்.

கூடத்தை இருட்டாக்கினார்கள். அக்கா தடுமாறாமல் பேசினாள். உட்கார முடியாமல் நான் கதவோரம் நின்றேன். செடிகளில் அந்தத் துண்டு எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் படம் வந்தது. தண்ணீர் விட்ட செடிக்கு ஒன்றுமில்லை. விடாத செடிக்குத் திரையின் உச்சி வரை ஒரு சிவப்புத் தூண். அக்கா நிறுத்தினாள். ஒரு தேர்வாளர் தர்பூசணியைக் கடிக்கும் சத்தம் கேட்டது. சியாங் சார் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தார்.

"தம்பி, லைட்டப் போடறியா?" என்றாள் அக்கா.

சுவிட்ச் என் தோளுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. விளக்குப் போடும் இடம் இதுவல்ல என்று காலையில் ஒத்திகை பார்த்த எனக்குத் தெரியும். தாழ்வாரத்தில் கேட்டதைத்தான் அவள் மறுபடி கேட்கிறாள் என்பதும் தெரியும். முதலாளியின் கண்ணிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சுவரைத் தடவினேன். சுவிட்சை அழுத்தினேன். குழல்விளக்குகள் சிமிட்டிச் சிமிட்டி எரிந்தன. சிவப்புத் தூண் வெளிறித் திரையின் வெள்ளையில் கரைந்துபோக, எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவளைப் பார்த்தார்கள்.