ஜெர்மன் எம்.பி.யும் அருளப்புவின் கையெழுத்தும்

இந்தக் காலத்தில் தேர்தலுக்கு நிற்பவன் எங்கேயோ செத்தவனையும் துணைக்கு இழுத்து வருகிறான் என்று அருளப்புவுக்கு எரிச்சல். பார்க்டேல் பகுதிக் கோப்பிக்கடையில், நகரசபைத் தேர்தலுக்கு நிற்கும் கிளிபோட் நியமனப் பத்திரத்தையும் பேனையையும் அவரிடம் நீட்டினான். ஒரு கையெழுத்துத்தான் குறை.

“ஹிட்லரின்ரை சண்டைக்கு முந்தி ருமேனியாவிலை வீபர் எண்டொரு ஜெர்மன் எம்.பி., அங்கிள். தன்ரை சிறுபான்மைச் சனத்துக்காக, ஆர் ஆட்சிக்கு வந்தாலும் அவையோடை சேந்தவர். நானும் அப்பிடித்தான்.”

“என்ன கிடைச்சது?”

“பள்ளிக்கூடங்கள்.”

“கடைசியிலை?”

“ஹிட்லருக்கும் கை தூக்கினவர். பிறகு ரஷ்யாக்காரர் வந்து சனத்தைக் கட்டாய வேலைக்கெண்டு ரஷ்யாவுக்கு ஏத்திப்போட்டாங்கள்.”

“அவரையுமோ?”

“அவர் முதலே வியன்னாவுக்குப் போயிட்டார்.”

“அப்ப டிக்கெற் தனக்கு மட்டும் எடுத்தவர்.”

“நான் ஓடமாட்டன், அங்கிள்.”

“அவரும் அப்பிடித்தான் சொல்லியிருப்பார்.”

பேனையை மூடி மேசையில் வைத்துவிட்டு, கிளிபோட் பேசப் பேசவே அருளப்பு வெளியே நடந்தார்.