சந்தனப் பொட்டுக்கு அடியில்

டக்... டக்... டக்!

கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்திய ஷியாமளா திடுக்கிட்டாள். பெட்டிக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவது போல் சத்தம். திரையில் ஒற்றை வரி மினுக்கியது. மூன்று வருடப் பழைய ஹார்ட் டிஸ்க், விஜயதசமி காலையில் விண்டோஸைக் கிளப்ப மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டது.

அதற்குள்தான் அவளுடைய புத்தகம் இருந்தது. வெங்காயம், பூண்டு சேர்க்காத வங்காளச் சமையல், தமிழில், நூற்று நாற்பது பக்கம். சென்னைப் பதிப்பகம் வைத்த கெடு இந்த வாரம். நாளை ரயிலேறும் அண்ணனிடம் அதைக் கொடுத்தனுப்ப வேண்டும். வேறு பிரதி கிடையாது.

"சாந்தினி சவுக் கம்ப்யூட்டர் கடைக்குப் போய் யாரையாவது கூட்டிண்டு வரேளா?"

"பூஜா லீவு. பவானிபூர்ல பஞ்சர் ஒட்டறவன்கூட கடையைத் திறக்க மாட்டான்" என்றார் கணவர் பட்டாபிராமன், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்த வங்கி அதிகாரி. "போனாப் போறது விடு. பாகற்காயைப் பால்ல போடறதைப் படிக்க எவன் காசு கொடுப்பான்?"

ஷியாமளா ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள்.

நல்லவேளை, பழையது மக்கர் பண்ணத் தொடங்கியதால் போன வாரமே புது டிஸ்க் வாங்கியாகிவிட்டது. கடைக்காரரே விண்டோஸையும் ஏற்றித் தந்திருந்தார். புதியதை முதல் டிஸ்காகவும் பழையதை இரண்டாவதாகவும் மாட்டினால் பக்கங்களை எடுத்துவிடலாம். எது முதல், எது இரண்டாவது என்பதை டிஸ்கின் பின்பக்க ஊசிகளில் செருகும் ஜம்பர் என்ற கடுகளவு பிளாஸ்டிக் தொப்பிதான் சொல்லும். அதை எங்கே செருகுவது என்ற படம் டிஸ்கின் மேலேயே ஒட்டியிருக்கும்.

பழையதில் படம் பார்த்துச் செருகிவிட்டாள். புதியதில் படம் இருந்த இடத்தில் ரூபாய் அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம். நேற்று சரஸ்வதி பூஜையில் பட்டாபிராமன் கைப்பட இட்டது.

"ஏன்னா, இதைக் கொஞ்சம் சுரண்டிக்கட்டுமா?"

"மூச்! பூஜையில வெச்ச பொட்டு தானா உதிரணும்."

அவர் அப்படித்தான். போன வருடம் பிரிண்டருக்கு வைத்த பொட்டு இன்னும் அதன் நெற்றியில் இருந்தது.

அவள் குத்துமதிப்பாகத் தொப்பியைச் செருகினாள். திரை இரண்டு டிஸ்கையுமே காணோம் என்றது. இடம் மாற்றினாள். அதே பதில். இன்னொரு முறை. தெருமுனைத் துர்கா பூஜைப் பந்தலில் தாக் மேளம் முழங்க ஆரம்பித்தபோது அவள் கைகளைத் தட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

"போகட்டும். எழுத நமக்குக் கொடுத்து வைக்கலை."

பேப்பர் மடியும் சத்தம் கேட்டது. பட்டாபிராமன் சமையலறைக்குப் போய் ஈரத்துணியோடு திரும்பி வந்தார். ஸ்வாமி அலமாரியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு பொட்டைத் தானே துடைத்தார். படம் பளிச்சென்று தெரிந்தது.

ஷியாமளா வாய் பிளந்தபடி தொப்பியைச் சரியான இடத்தில் செருகினாள். விண்டோஸ் எழுந்தது. இரண்டாவது டிஸ்கில் அவள் ஃபைல் இருந்தது. நூற்று நாற்பது பக்கமும் ஓர் எழுத்துக் குறையாமல் திறந்தது.

"பொட்டை நீங்களே அழிச்சுட்டேளே!" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அவர் மறுபடி பேப்பரை விரித்துக்கொண்டார்.

"நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல, அந்தப் பாகற்காய் சுக்தோவுக்குக் கடுகு அரைச்சு விட மறந்துட்டே. அதைச் சரி பண்ணிட்டு அண்ணாகிட்ட கொடு."