இனிகோவின் பாய்மரத்துக்கு வார்னிஷ்

சங்குத்துறையில் பாய்மரம்தான் வழி பார்க்கும். அதனால் அங்கே யாரும் அதற்குப் பெயின்ட் அடிப்பதில்லை. அடித்தால் கண்ணை மறைத்துவிடும். வெறும் மரமாக விட்டாலோ உப்பும் வெயிலும் பிளந்துவிடும். தெளிவான வார்னிஷ்தான் பூச வேண்டும்.

இனிகோ தன் பாய்மரத்துக்குப் பூசியிருந்த வார்னிஷ் மஞ்சளித்துப்போயிருந்தது கல்யாணத்துக்குப் புறப்பட்ட அன்றுதான் தெரிந்தது. பெண் செலின் எதிர்த்தீவில் டீச்சர். கல்யாணமும் அங்கேதான். பாதிக் கடல் போனதும் பாய்மரம் சுற்றிலும் பார்த்தது. எல்லாம் மஞ்சளாக இருக்கவே, பொழுது சாய்ந்துவிட்டது என்று முடிவுகட்டி, காலை வெயிலிலேயே படகை வீட்டுக்குத் திருப்பிவிட்டது. பாய்மரத்தை எதிர்த்துச் சுக்கான் பிடிப்பது மரியாதையில்லை. இனிகோ அதன் போக்கிலேயே வந்தான்.

செலின் போன் செய்தாள். "எங்க இருக்கீங்க?"

"வீட்டுக்கு வந்துட்டேன். பாய்மரத்துக்குச் சாயங்காலம் ஆயிட்டு."

"சரி, தூங்கட்டும். அடுத்த ஞாயித்துக்கெழம வாங்க."

தாய்மாமன் லியோன், கட்டிலுக்கு அடிக்கும் அரக்குப் பாலிஷைக் கொண்டுவந்தார். "எங்க வீட்டுக் கட்டில்ல மொகம் பாக்கலாம் மாப்ள!" என்றார். பாய்மரமும் பளபளத்தது. ஆனால் முதல் அலை தெறித்ததுமே பாலிஷ் வெளுத்தது. பாய்மரத்துக்கு ஒரே மூடுபனி. பனி விலகட்டும் என்று நடுக்கடலில் நின்றுகொண்டது. மாப்பிள்ளை வீட்டார் கொண்டுபோன பலகாரத்தையெல்லாம் தின்றுவிட்டுத் திரும்பினார்கள்.

அடுத்த முறை இனிகோ, மரத்தரைக்குப் பூசும் கெட்டி வார்னிஷை வாங்கி அடித்தான். காற்றுக்குப் பாய்மரம் வளைந்தது, வார்னிஷ் வளையவில்லை. நெடுக விரிசல் விட்டது. விரிசல் வழியே பாய்மரத்துக்கு எதிர்த்தீவு இரண்டு தீவாகத் தெரிந்தது. எந்தப் பக்கமும் சாயாமல் நியாயமாக இரண்டுக்கும் நடுவே போய்விட்டது. லியோன் மாமா மரியாதைக்கு இருபுறமும் கைகாட்டினார்.

"இப்பத்தான் எங்களத் தாண்டிப் போறீங்க," என்றாள் செலின் போனில். "கையில மாலையோட நின்னீங்க. பாத்தேன்." விரிசலையும் இரண்டு தீவையும் இனிகோ சொன்னான். "காத்து மாறிட்டா படகு வராது, அப்புறம் தை மாசந்தான். நான் எந்தத் தீவுல நிக்கணும்னு மட்டும் சொல்லிருங்க."

மறுநாள் இனிகோ கடை திறக்கும் முன்பே ஹமீதாவின் பெயின்ட் கடை வாசலில் நின்றான்.

"மரம் வளையுமா தம்பி?" என்று கேட்டாள் ஹமீதா.

"நல்லாவே வளையும்க்கா."

"அப்ப கூடவே வளையுற வார்னிஷ் வேணும். வெயிலுக்கும் தாங்கணும். படகுக்குன்னே வருது, எண்ணெய் ஜாஸ்தி. பழசு பூராவும் சுரண்டிருங்க. மொதப் பூச்சுல டர்பன்டைன் கலந்து தண்ணியா அடிங்க, மரம் குடிக்கட்டும். காஞ்சதும் உப்புத்தாள் போட்டுத் தேச்சுட்டு அடுத்தது. அவசரப்பட்டு அப்பிராதீங்க."

"கல்யாண அவசரம்க்கா."

"அதுக்குத்தான் சொல்றேன்."

இனிகோ அவசரப்படவில்லை. பூசினான், காயவிட்டான், தேய்த்தான், மறுபடி பூசினான். "இது போதாதாடே?" என்று லியோன் மாமா கேட்கும்போதெல்லாம் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தான். கடைசிப் பூச்சு காய்ந்த காலையில், பாய்மரம் தீவுக்கரையில் செலின் சேலை காயப்போடுவதைக் கண்டது. கயிற்றை அவிழ்க்கும் முன்பே படகு முன்னால் இழுத்தது. இனிகோ சட்டைப் பொத்தானைப் படகில் வைத்துத்தான் போட்டான்.

செலின் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்து நின்றாள். முதலில் பாய்மரத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"நல்லாத் தெரியுதா?" என்றாள். பாய்மரம் அவள் பக்கம் லேசாகச் சாய்ந்தது. பிறகு இனிகோவைப் பார்த்து, "நீங்களும் எறங்குங்க," என்றாள்.

கோயில் மணி அடித்தது, கல்யாணம் முடிந்தது. விருந்தின் கடைசிப் பந்தியில் மழை வந்தது. பெண் வீட்டார் அதையும் அழைத்திருந்தார்கள். லியோன் மாமாவுக்குப் பக்கத்தில் மழையை உட்காரவைத்து இலை போட்டார்கள். எல்லாம் வாங்கிக்கொண்டது. ரசம் மட்டும் வேண்டாம் என்றது.