நாலு நாள் கதவு

"பொழுது சாயறதுக்குள்ள எடுத்தாவணும்" என்று சின்ன மாமனார் இளையபெருமாள் மூன்றாம் முறையாகச் சொன்னபோது கலைவாணிக்கு உச்சந்தலை வரை எரிந்தது. மாமனார் தாண்டவராயன் நேற்று மாலையிலிருந்து ஐஸ் பெட்டிக்குள் கிடக்கிறார். ஒரே மகன், அவள் புருஷன் எழிலன், கடற்படையில் முக்குளிப்பவன். மூழ்கிப்போன நீர்மூழ்கியிலிருந்து ஆட்களை மீட்கவும், கமாண்டோக்களைக் கடலுக்குள் இறக்கவும் இருக்கிற கப்பல் அவனுடையது. ஊரான் பிள்ளைகளை மேலே கொண்டுவரப் பழகியவனுக்குப் பெற்றவருக்குக் கொள்ளி வைக்க வர முடியவில்லை.

"கப்பல் மேலதான இருக்கான்? கதவத் தொறந்துகினு வர்றதுக்கு இன்னா?"

"இரும்பு ரூமுக்குள்ள இருக்காரு சின்ன மாமா. ஆழத்துல எவ்ளோ அழுத்தமோ அதே அழுத்தத்துல பூட்டி வச்சிருக்காங்க. கொஞ்சம் கொஞ்சமாத்தான் கொறைக்கணும், இன்னும் நாலு நாளாவும். சடார்னு தொறந்தா சோடா பாட்டிலாட்டம் ரத்தம் பொங்கிடும். செத்துருவாரு."

காலையிலிருந்து ஆறு பேரிடம் இதையே சொல்லிவிட்டாள். ஆறு பேரும் தலையாட்டிவிட்டு, இளையபெருமாளின் மகன் கொள்ளி வைப்பதைப் பற்றித்தான் பேசினார்கள். மாமனார் படுத்த படுக்கையாக இருந்த எட்டு மாதமும் சிங்கவரத்தில் இந்த வாசலை மிதிக்காத பங்காளிகள்.

மூன்று மணிக்குக் கப்பலிலிருந்து போன் வந்தது. அதிகாரி ஆறுதலாக ஏதோ சொல்லிவிட்டு எழிலனிடம் கொடுத்தார். "ஸ்பீக்கர்ல போடு, எல்லாரும் கேக்கட்டும்" என்றார் இளையபெருமாள். போட்டாள். போட்டிருக்கவே கூடாது.

பலூனுக்கு அடைக்கிற வாயுவைக் கலந்துதான் அந்த அறையில் சுவாசிக்கிறார்கள். எப்பேர்ப்பட்ட குரலும் வாத்துக் கத்தலாகிவிடும். அவன் வாயைத் திறந்ததும் பந்தலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அடக்கப் பார்த்து இன்னொருத்தர் வெடித்தார். பிறகு பந்தலே குலுங்கியது. இளையபெருமாள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

எழிலன் அழுதுகொண்டிருந்தான். முன்பு இரண்டு முறை அவளிடம் அந்தக் குரலில் பேசியிருக்கிறான். அவளுக்கு மட்டும் பிடிபட்டது.

"வாணி, நைனாவ காக்க வைக்காத. எடுத்துடச் சொல்லு."

அதோடு லைன் அறுந்தது.

"இன்னா சொன்னான்? ஒண்ணும் வெளங்கல" என்று இளையபெருமாள் கண்ணைத் துடைத்தார். சிரித்துச் சிரித்து வந்த தண்ணீர்.

கலைவாணி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பாவிகள்.

"நான் வந்துதான் கொள்ளி வெப்பேன், அதுவரைக்கும் எங்க நைனா மேல எவனும் கை வெக்கக் கூடாதுன்னாரு."

அவள் எழுந்து ஐஸ் பெட்டியின் வயர் போகிற சுவரோரம் போனாள். பிளக்கை மறைத்து, முதுகைச் சுவரில் சாய்த்து, சப்பணமிட்டு உட்கார்ந்தாள். பெட்டியின் மோட்டார் ஓடுவது தரை வழியாக அவள் காலில் அதிர்ந்துகொண்டிருந்தது.