மணி அடித்தால் யார் திறப்பது

கடைசி அளவைப் பதிவு செய்யாமலே புரோகிராம் மறுபடியும் செத்துப்போனது. பத்து முறை நிறுத்திப் பார்த்தால் ஏழு முறை ஒழுங்கு, மூன்று முறை இப்படி. முழுக்கத் தப்பாக இருந்தால்கூடப் பிடித்துவிடலாம். இந்த அரைகுறை ஒழுங்குதான் உயிரை வாங்கும்.

ரத்த வங்கியின் குளிர்பெட்டிகளைக் கண்காணிக்க நான் சி மொழியில் எழுதியது அது. அதற்குள் ஒரே நேரத்தில் தனித்தனியாக ஓடும் வேலையாட்கள் மாதிரி மூன்று த்ரெட்டுகள், ஆளுக்கொரு பெட்டியின் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். நான்காவதற்கு ஒரே வேலை: ‘நிறுத்து’ என்ற சிக்னலுக்காகக் காத்திருந்து, வந்ததும் எல்லா அளவுகளையும் எழுதிவைத்துவிட்டுக் கடையைச் சாத்துவது. மற்ற மூன்றின் காதில் அந்தச் சிக்னல் விழுந்தால் மொத்தமும் அங்கேயே படுத்துவிடும். விழாமலிருக்கத் தடுப்பு போட்டிருந்தேன். போட்டும் இந்த லட்சணம். நாலு மணிக்கு ரத்த வங்கி அதிகாரி சோதிக்க வருகிறார். ஆறு வருடம் வீட்டிலிருந்துவிட்டுத் திரும்பிய எனக்கு இதுதான் முதல் வேலை; சொதப்பினால் கடைசியும் இதுதான். பயமாக இருந்தது.

போன் அடித்தது. மகள்.

“அம்மா, பார்சல் வந்து மணி அடிச்சா நான்தான் கதவைத் திறப்பேன்னு சொன்னேன்ல? அப்பா திறந்துட்டாரு!” ஒரே அழுகை.

“அப்பாகிட்ட சொன்னியாடி?”

“சொன்னேனே!”

பின்னாலிருந்து கணவர் குரல் கேட்டது. “சொன்னா, சொன்னா. நான் ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்தினப்புறம் ஹால்ல நின்னு சொன்னா. எனக்கு எப்படித் தெரியும்?”

சிரிப்பு வந்தது. பாதியில் நின்றது. திரையைப் பார்த்தேன். மூன்று த்ரெட்டுகளையும் வேலைக்கு அனுப்பிவிட்டு, அதற்குக் கீழே சாவகாசமாகத் தடுப்பை எழுதியிருந்தேன். முன்பே போட்டிருந்தால் அவை தடுப்போடேயே பிறந்திருக்கும். கிளம்பிப் போனவர்களுக்கு என் பேச்சு எப்படி எட்டும்? ஒரு வாரமாகக் கண்ணெதிரே கிடந்திருக்கிறது, குருடி மாதிரி தேடியிருக்கிறேன்.

“அம்மா, பெயின்ட்தான் வந்துச்சு. ப்ரஷ் இன்னும் வரல.”

“அப்போ இந்தத் தடவை முதல்லயே சொல்லிடு, கண்ணு. அப்பா ரூமுக்குள்ள போறதுக்கு முன்னாடி.”

“சரி தாயே, உன் பொண்ணே திறக்கட்டும்,” என்றார் அவர்.

தடுப்பு வரியை வெட்டி, த்ரெட்டுகளை அனுப்பும் வரிக்கு மேலே ஒட்டினேன். முப்பது முறை நிறுத்தினேன். முப்பது முறையும் கடைசி அளவு வந்து உட்கார்ந்தது.

நாலு மணிக்கு அதிகாரி வந்தார். “எப்ப நிறுத்தினாலும் சரியா வருமாம்மா?”

“நீங்களே நிறுத்திப் பாருங்க, மேடம்.” நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

அவர் விரல் விசைமேல் இறங்கியது. அங்கே வீட்டில் அறைக்கதவு சாத்தியிருக்கும். வாசற்கதவையே பார்த்தபடி, முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருப்பாள்.