புள்ளி விழுந்த பாவட்டை

ராஜேஷ்குமார் ஒரு இலையைக் கிள்ளி வானத்துக்கு எதிரே பிடித்தார். பச்சைக்குள் கரும்புள்ளிகள். மிளகைப் பொடித்துத் தூவியது போல.

"பாத்தீங்களா மேடம்? இதுதான் மாடிக்கு ஏறியிருக்கு."

பெங்களூரு ஆஸ்டின் டவுனில் அந்த நாலு மாடிக் குடியிருப்புக்கு அவர் செயலாளர். சேலத்துக்காரர். மொட்டை மாடியில் அவர் வளர்த்த மிளகாய்ச் செடிகள் ஒரே மாதத்தில் இலை சுருண்டுவிட்டன. குற்றவாளியைத் தேடி இறங்கியவர், தரைத்தளத்தில் சங்கமித்ரா வீட்டுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார்.

கட்டடத்துக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே ஆறடிச் சந்து. பக்கத்து வீட்டுப் பலா மரம் மேலே முழுக்கக் கவிந்திருந்தது. அங்கே ரோஜா செத்தது. துளசி செத்தது. காட்டில் பெரிய மரங்களுக்கு அடியில் வளர்கிற பாவட்டை மட்டும் பிழைத்தது. மூன்று வருடத்தில் இடுப்பு உயரம். இந்தச் சித்திரையில்தான் முதல் மொட்டுகள்.

"ஞாயித்துக்கிழமை ஆள் வருவான். வேரோட எடுத்துடலாம்."

"மொட்டு விட்டிருக்கு சார்."

"நோய் புடிச்ச மொட்டுங்க." அவர் பார்வை சுவரோரம் போனது. "அது என்ன செடி?"

"அதுவும் பாவட்டைதான்."

சாண் உயரம். இலையில் ஒரு புள்ளி இல்லை.

"அது க்ளீன். அது இருக்கட்டும். இது போகட்டும்."

செருப்புச் சத்தம் படியேறியது.

சங்கமித்ராவின் கணவன் பிரசன்னா காபி டம்ளரோடு பின்வாசலில் நின்றிருந்தான். "இன்னா மித்ரா, தூக்குத் தண்டனையா? கருணை மனு போடேன்."

"சும்னே இரு." அவள் சின்னச் செடியைப் பார்த்தபடி நின்றாள். "ரெண்டும் ஒரே பழத்து விதை. உன் தம்பி பேத்தமங்கலம் காட்டுல பொறுக்கினு வந்தது. ஒரே மண்ணு, ஒரே நெழலு. சுத்தமா இருக்கறது ஏன் குள்ளமா நிக்குது?"

"ஒரே மாதிரியா போட்ட? பாதி விதைய சீக்கிரம் முளைக்கும்னு வெந்நீர்ல ஊறப்போட்டுட்டு, உங்க அக்காகூட போன்ல பேசிகினு மறந்துட்ட. அதுல இது ஒண்ணுதான் முளைச்சிது."

சங்கமித்ரா திரும்பினாள். அல்சூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப்பில் கிருமிகளை வளர்த்துப் பார்ப்பது அவள் வேலை. வெந்நீர் எதைக் கொல்லும் என்று அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

மறுநாள் டிபன் பாக்ஸோடு இரண்டு செடிகளின் இலைகளும் லேப்புக்குப் போயின. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மைக்ராஸ்கோப் காலியாக இருந்தது. புள்ளியை பிளேடால் மெல்லிசாகச் சீவி வைத்தாள். உள்ளே சின்ன அறை, அறை நிறைய பாக்டீரியா. சுற்றிலும் அழுகல் இல்லை, சிதைவு இல்லை. சுத்தமான இலையில் அறையும் இல்லை, ஆளும் இல்லை.

ஞாயிறு காலை கடப்பாரையோடு ஆள் வந்தான். கூடவே ராஜேஷ்குமார். அவள் செல்போனில் படத்தைக் காட்டினாள்.

"பாக்டீரியாவா? நீங்களே ஒத்துக்கறீங்களே!"

"ஒத்துக்கறேன் சார். ஆனா நோய் இல்ல, குடித்தனம். விதையிலேயே வந்துடுது. அது இருக்கற செடி இடுப்பு உயரம். வெந்நீர்ல அது செத்துப்போன செடி, அதோ, சாண்."

"இது உங்க ஊகம்."

"ஊகம்தான். அதனால ஒரு புது மிளகாய் நாத்து கொண்டாந்து இதுக்கு அடியில வைங்க. பூ விரியற வரைக்கும் பாப்போம். மிளகாய்ல ஒரே ஒரு புள்ளி வந்தாலும், ஒரு இலை சுருண்டாலும் நானே புடுங்கிடறேன். க்ளீன் செடிய இப்பவே நீங்க எடுத்துக்கங்க."

கடப்பாரைக்காரன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "சார், நான் இருக்கணுமா, போவணுமா?"

ராஜேஷ்குமார் யோசித்தார். "போ."

மிளகாய் நாற்று வந்தது. நிழலில் அது நோஞ்சானாக, ஒட்டடைக்குச்சி போல வளர்ந்தது. ஆனால் புள்ளி வரவில்லை. சுருளவும் இல்லை. தினமும் ஆபீஸ் போகும் முன் செயலாளர் குனிந்து இலை இலையாகப் புரட்டிவிட்டுப் போனார். மூன்றாவது வாரம் பாவட்டை வெள்ளையாக, கொத்துக் கொத்தாக விரிந்தது. அன்று சங்கமித்ரா அவரோடு மாடிக்குப் போய், சுருண்டிருந்த மிளகாய் இலை ஒன்றின் அடிப்பக்கத்தை அவருக்குத் திருப்பிக் காட்டினாள். மணலைப் போலப் பொடிப்பொடியாக நகர்ந்தன இலைப்பேன்கள்.

மழைக்காலம் பிறந்த பிறகு ஒரு மாலை. அழைப்பு மணி அடித்தது. வெளியே ராஜேஷ்குமார், கையில் சின்னத் தொட்டி. சுத்தமான பாவட்டை. மண்புழு உரம், கடலைப் பிண்ணாக்கு, ஆன்லைனில் வரவழைத்த ஏதோ டானிக், எல்லாம் குடித்துவிட்டு அதே சாண் உயரத்தில் நின்றது.

"மேடம், அது வந்து..." பார்வை அவள் தோளைத் தாண்டிப் பின்வாசலுக்குப் போனது. பூ உதிர்ந்த கொத்துகளில் பச்சைக் காய்கள். "புள்ளி இருக்கற செடியோட விதை கிடைக்குமா?"

"காய் கறுக்கட்டும் சார், தரேன்."

உள்ளேயிருந்து பிரசன்னாவின் குரல் வந்தது. "சார், கீசர் பக்கம் மட்டும் வெச்சிடாதீங்க!"