நூற்று எண்பது

என் மைத்துனன் சதீஷுக்குப் பெங்களூரில் வேலை. கை நிறையச் சம்பளம், மண்டையில்தான் ஒன்றும் கிடையாது. லீவுக்கு வந்தவன், ஆன்லைனில் வாங்கிய கதிர்வீச்சு மீட்டரை ராஜபாளையத்தில் என் வீட்டு கிரானைட் தரையில் வைத்தான். அது டிக் டிக் என்று அடித்து 0.18 காட்டியது. உடனே படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான், பாவி.

என் மனைவி ஷெரினையும் பிள்ளையையும் மூன்றாம் மாதம் வீட்டுக்கு அழைத்து வர இருந்த வாரம் அது. தலைப்பிரசவத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போனவள், மடவார் வளாகம் பக்கம் அப்பா வீட்டில் இருந்தாள். மாமனார் பால்சாமி போன் போட்டார்.

"மாப்ளே, கதிர் அடிக்கிற வீட்டுக்குப் பச்சப்பிள்ளைய அனுப்ப மாட்டேன். அது சாதாரண அளவுதான்னு கவர்மெண்ட் காயிதம் கொண்டாங்க. அஞ்சாம் மாசம் நானே கூட்டியாந்து விடுதேன்."

தேட ஆரம்பித்தேன். மண்ணிலும் கல்லிலும் இயற்கையாகவே கொஞ்சம் கதிர்வீச்சு உண்டு என்று எல்லா இடத்திலும் எழுதி வைத்திருக்கிறார்கள். நம்ம ஊரில் எவ்வளவு என்று எழுத மட்டும் ஒருத்தனுக்கும் கை வரவில்லை. ஒரு தளத்தில் கேரளக் கடற்கரை. இன்னொன்றில் உலக சராசரி. ஒரு யூடியூப்காரன் கதிர்வீச்சை உறிஞ்சும் என்று கழுத்தில் போடுகிற டாலர் விற்றான். ஓர் அரசு அலுவலகத்துக்குப் போனால், "செல்போன் டவர் புகாரா சார்? அது மாடியில" என்றார்கள். மாடியில், "அணு உலை விஷயமா? அதெல்லாம் நாங்க பேசக் கூடாது" என்றார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். அது நாலு அலுவலகம் சுற்றியது.

வீட்டில் அம்மா தொட்டிலைக் கட்டிவைத்துக்கொண்டு, தினமும், "ஏலே வினோத்து, பிள்ளை எப்பலே வரும்?" என்பாள். எனக்கு எரிந்துகொண்டு வரும்.

ஐம்பத்து நாலாவது நாள், வேலைக்குக் கிளம்பும்போது பதில் வந்தது. இங்கிலீஷில், முத்திரையோடு. உங்கள் வட்டாரத்தில் எடுத்த அளவு மணிக்கு 180 நானோசீவர்ட், இயற்கையானதே, அச்சம் வேண்டாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஷெரினுக்குப் போன் போட்டேன்.

"காயிதம் வந்துட்டா? அப்ப நான் துணிய எடுத்து வைக்கேன்," என்றாள். அவள் குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

நான் நூல் மில் லேபில் வேலை பார்க்கிறவன். மில்லில் நூலின் பருமனுக்கு எண்ணை மட்டும்தான் சொல்வோம். "நாப்பது ஓடுது", "அறுபது ஓடுது". அம்புட்டுதான். நாற்பது என்ன என்று எவனும் கேட்க மாட்டான். அந்தப் பழக்கத்தில் குடும்பக் குழுவில் எழுதினேன்: "அரசாங்கப் பதில் வந்தாச்சு. நம்ம ஊர் அளவு 180. நார்மல்."

ஐந்து நிமிடத்தில் மாமனார் பதில் போட்டார்: "மிஷின் காட்டினது 0.18. கவர்மெண்டே 180ங்குது. ஆயிரம் மடங்கு!"

காகிதத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மாமனார் வீட்டுக் கூடத்தில் ஷெரினின் பை திறந்து கிடந்தது. எடுத்து வைத்த பிள்ளைத் துணியெல்லாம் திரும்ப அலமாரிக்குப் போயிருந்தது.

"மாமா, சதீஷ் மீட்டர் மைக்ரோவில காட்டுச்சு. இது நானோ. ஆயிரம் நானோ ஒரு மைக்ரோ. ரெண்டும் ஒரே அளவுதான்."

"இப்ப வந்து கணக்க மாத்தாதீங்க மாப்ளே."

ஷெரின் என்னைப் பார்த்தாள். "ரெண்டு மாசமாத் தேடுனீய. கெடச்சத முழுசா எழுத ஏலலையா?"

அஞ்சாம் மாசம் அக்காவை வழியனுப்ப என்று லீவு போட்டுக் காரோடு வந்திருந்த சதீஷ் மேல் பாய்ந்தேன். "ஏலே, எடுலே அந்த மிஷின! இங்க வச்சுப் பாரு!"

பிள்ளை படுத்திருந்த பாய்க்குப் பக்கத்தில் வைத்தான். 0.21.

மாமனார் குனிந்து எண்ணை இரண்டு தடவை படித்தார். நான் ஜெயித்தவன் மாதிரி சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்புக்கு என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஏனென்றால் ஷெரின் பதறிப்போய்ப் பிள்ளையைப் பாயிலிருந்து வாரி எடுத்தாள்.

"அய்யோ, அப்ப இங்கயும் இருக்கா?"

"எல்லா இடத்திலயும் இருக்கும் ஷெரின், அதத்தான் நான் சொல்லுதேன்..."

அவள் காதில் ஏறவில்லை. சதீஷ்தான் முந்திக்கொண்டான். "நம்ம ஃப்ளாட்டுக்கு வந்துரு அக்கா. ஒம்பதாவது மாடி. மண்ணும் கெடையாது, கல்லும் கெடையாது."

அரைமணி நேரப் பஸ் தூரத்தில் இருந்த பிள்ளை அன்று சாயங்காலமே பெங்களூருக்குக் கிளம்பிவிட்டது. காய்ச்சல்காரனைப் பக்கத்தில் விடாத மாதிரி, கிட்டே போய் முத்தம் கொடுக்கக்கூட ஷெரின் என்னை விடவில்லை.

அந்த ஒன்பதாவது மாடியில் மீட்டரை வைத்துப் பார்த்தாயா என்று சதீஷிடம் கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. கேட்டால், அங்கிருந்தும் பிள்ளையை எம்புட்டுத் தூரம் கொண்டுபோவார்களோ.